நான்கு கீறல் முள்

ரங்கூனின் மழைக்காலக் காற்று குடைகளைச் சும்மா விடாது. ஒருநாள் அலோன் துறைமுகச் சாலையில் ஒருவருடைய குடை கையைவிட்டுப் பறந்து, சேற்றில் உருண்டு, ஆற்றை நோக்கி ஓடியது. எதிரே வந்துகொண்டிருந்த ஓர் ஆள் இரண்டே எட்டில் குறுக்கே பாய்ந்து முழங்காலால் அதைத் தடுத்து நிறுத்தினார். கையால் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குடை காலில் மோத மோத அப்படியே நின்றார். குடைக்காரன் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "எடுத்துக்கோங்க" என்றார்.

அந்தக் குடை என்னுடையது. அவரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் வாயில் ஒருமுறை அகப்பட்டு அந்தப் பெயர் பட்ட பாடு போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளிப் படிப்பை முடித்து, ஒரு மரக் கம்பெனியில் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். எழுத்து வேலை பார்ப்பவர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் கப்பலின் அடித்தளத்திலிருந்து சரக்கைத் தூக்கும் விஞ்சு ஓட்டுபவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நெடிய உடம்பு. நடக்கும்போது இடது தோள் சற்றுப் பின்வாங்கியிருக்கும், எதிரே வரும் யாருக்கோ வழி விடுவதுபோல.

அடுத்தவர் பொருளைத் தொடமாட்டார். அவரைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். சாதியோ மடியோ காரணமில்லை. யார் வீட்டிலும் சாப்பிடுவார், யார் தோளிலும் கை போடுவார். பொருள்தான் விஷயம். பக்கத்து விஞ்சின் கைப்பிடி தானாக நழுவினால்கூட, அதன் ஆளைக் கத்திக் கூப்பிடுவாரே தவிர, தான் கை வைக்க மாட்டாராம். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கை வெச்சவன் பேருதான் நிக்கும் கிராணி," என்றார்.

அந்நாளில் அலோனில் மர ஆலைகள் வரிசையாக இருந்தன. ஆற்றின் மேல்பகுதியிலிருந்து மிதந்து வரும் தேக்குக் கட்டைகளைத் தெப்பம் தெப்பமாகப் பிணைத்துக் கரையோரம் நிறுத்தி வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலைகள் ஓடாது. ஆற்றில் கடலேற்றம் நின்று வற்றம் தொடங்குவதற்கு முன் தண்ணீர் அசையாமல் நிற்கும் ஒரு மணி நேரம், நாங்கள் சிலர் அந்தத் தெப்பங்களின் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுவோம். கட்டைகளின் நிழலில் வாளை மீன் ஒளிந்திருக்கும். அகன்ற வாயும் அரம் போன்ற பற்களுமாக, ஆள் நீளத்துக்கு வளரக்கூடிய மீன் அது. நூறு முறை போட்டால் ஒருமுறை கடிக்கும். கடித்தாலும் பெரும்பாலும் கரைக்கு வராது.

அந்தத் தெப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொருவரும் தன் தூண்டில் முள்ளின் தண்டில் அரத்தால் கீறல் போட்டுக்கொள்ள வேண்டும். பபேடான் பக்கம் பீடாக்கடை வைத்திருந்த பாய்க்கு ஒரு கீறல். தெப்பம் கட்டும் பர்மியர் கோ பியூவுக்கு இரண்டு. விஞ்சு ஓட்டும் அவருக்கு மூன்று. கடைசியாக வந்து சேர்ந்த எனக்கு நான்கு. முள்ளோடு தப்பிப்போன மீன் பிறகு வேறு யாரிடமாவது மாட்டினால், மாட்டியவர் அந்த முள்ளைக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். அதை ஒரு பலகையில் குத்தி, அடுத்த ஞாயிறு எல்லார் முன்னிலையிலும் உரியவரிடம் தருவார்கள். மீனின் தலையும் உரியவருக்கே.

இந்த வழக்கத்தால் தப்பிய மீனைப் பற்றி யாரும் அதிகம் அளக்க முடியாது. பாய் ஒருமுறை இரண்டு கைகளையும் விரித்து, "அல்லா மேல ஆணை, ஒரு புள்ளை அளவு இருந்துச்சு!" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கோ பியூ ஒற்றைக் கீறல் முள்ளோடு ஒரு மீனைக் கொண்டுவந்தார். செருப்பு அளவுதான்.

"புள்ளை பொறந்து எத்தனை நாளு பாய்?" என்று கேட்டார் விஞ்சுக்காரர்.

"தண்ணில கிடந்து சுருங்கிப் போச்சுப்பா," என்றார் பாய், கொஞ்சமும் அசராமல்.

முள்ளுப் பலகை விஞ்சுக்காரரிடம்தான் இருந்தது. அடுத்தவர் பொருளைத் தொடாதவரிடம் எல்லாருடைய முள்ளையும் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர் பலகையின் விளிம்பை மட்டும் பிடித்து நீட்டுவார். முள்ளை உரியவர்தான் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய மீன் தப்பிப் போனால் ஆட்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதை அங்கே பார்த்தேன். பாய் மீனின் வம்சத்தையே திட்டுவார். கோ பியூ சிரித்துவிட்டுத் தண்ணீரில் எச்சில் துப்புவார். அவரோ கயிற்றை இழுத்து, அதன் நுனியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்ப்பார். நுனி பிய்ந்திருந்தால் மீனின் பல். நாராகியிருந்தால் கட்டை உரசியது. சுருண்டிருந்தால் முடிச்சு அவிழ்ந்தது. பார்த்து முடித்ததும் சுருட்டைப் பற்றவைப்பார். அதோடு அந்த மீன் அவருக்கு முடிந்துபோகும்.

"மீனு போனா நுனியப் பாருங்க," என்பார். "யார் மேல குத்தம்னு அது சொல்லிரும். தெரிஞ்சுட்டா தூக்கம் வரும்."

ஒரு பெரிய வாளை எங்கள் தெப்பத்தின் அடியிலேயே இருந்தது. இரண்டு மழைக்காலமாக அவர் அதைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். அதன் முதுகை நானும் இருமுறை பார்த்திருக்கிறேன். "உன் சம்பந்தி வந்திருக்கான் பாரு," என்று பாய் கேலி செய்வார். அவர் அதைத் தன் மீன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மற்றவர்கள் அது அவருடையது என்றே நினைத்திருந்தார்கள். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். பின்னால் நான் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டேன்.

முதல் தீபாவளிச் சம்பளம் வந்ததும் நான் வெள்ளைக்காரர் கடையில் ஓர் இங்கிலீஷ் தூண்டில் வாங்கினேன். மூங்கில் பிளாச்சுகளை ஒட்டிச் செய்த கோல், பித்தளை உருளை, முள்ளைக் கட்டுவதற்குப் பட்டுப்புழுவிலிருந்து எடுத்த நரம்பு. கூடவே ஒரு புத்தகம். நரம்பைக் கட்டும் முன் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட வேண்டும், காய்ந்த நரம்பில் முடிச்சு நிற்காது என்று அதில் எழுதியிருந்தது. அவர்கள் எல்லாரும் அழுகாமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறிய நூல்கயிற்றைக் கையால் பிடித்துத்தான் மீன் பிடித்தார்கள். என் கோலை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். அவர் மட்டும் கையைப் பின்னால் கட்டியபடி, கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த முள்ளைக் கட்டிக் குடுங்களேன்," என்றேன்.

"உங்க முடிச்சு நீங்கதான் போடணும் கிராணி. நரம்பை ஊறப் போட்டீங்களா?"

"போட்டேன்," என்றேன்.

போடவில்லை. கோயில் விட்டு நேரே வந்திருந்தேன், அவசரம். இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தேன். போதாததற்கு, கோல் கைநழுவிப் போகாமல் இருக்க அதன் அடியில் ஒரு கயிறு கட்டி, அதை என் மணிக்கட்டில் சுருக்குப் போட்டுக்கொண்டேன். அதை அவர் பார்த்தார்.

"அது வேணாம்."

"ஏன்?"

"மீனு உங்களைப் பிடிச்சிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. சுருக்கை எடுக்கவில்லை.

தண்ணீர் நின்ற சிறிது நேரத்துக்கெல்லாம் கோலின் நுனி ஆற்றுக்குள் போயிற்று. ஒரு கணம் கட்டையில்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் கட்டை நகர்ந்தது. பத்து அடி தூரத்தில் வாளை பக்கவாட்டில் புரண்டது. அதன் வெள்ளி வயிற்றைப் பார்த்தேன். வாயோரம் நரம்பு பளபளத்ததையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதற்குமுன் அவ்வளவு பெரியது எதுவும் எனக்கென்று வந்ததில்லை.

அது தெப்பத்தின் அடியை நோக்கித் திரும்பியது. உருளையைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தேன். மணிக்கட்டுச் சுருக்கு இறுகியது. ஈரக் கட்டையில் கால் வழுக்கி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே முழங்கால்வரை இறங்கிவிட்டது. தெப்பத்தில் விழுகிறவன் கட்டைகளுக்கு அடியில் போனால் மேலே வரமாட்டான். அலோனில் எல்லாருக்கும் இது தெரியும்.

"அண்ணே, பிடிங்க! பிடிங்க!" என்று கத்தினேன்.

அவர் ஓடி வந்தார். இடது கையால் என் நரம்பைப் பிடித்தார். ஆமாம், தொட்டார். வலது கையில் இரை நறுக்கும் கத்தி இருந்தது. அந்தக் கணத்தில் கோல் லேசாயிற்று. நான் மல்லாந்து விழுந்தேன். தண்ணீரில் ஒரு பெரிய வட்டம் விரிந்து அடங்கியது.

நான் பார்த்தது, நரம்பின்மேல் அவர் கை. அதன் பக்கத்தில் கத்தி.

"அறுத்துட்டீங்களா?"

"அறுக்கலை கிராணி."

"அப்புறம் கத்தி எதுக்கு?"

"அறுக்கத்தான் எடுத்தேன். உங்க கையி மாட்டியிருந்துச்சு. அறுக்கறதுக்கு முந்தியே போயிருச்சு."

உண்மையை இவ்வளவு அப்பட்டமாகச் சொல்பவரை யார் நம்புவார்கள்? பொய் சொல்கிறவனாக இருந்தால் கத்தியை ஏன் எடுத்தேன் என்பதற்கு வேறு ஏதாவது காரணம் சொல்லியிருப்பான். அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று தெரிந்தது ஒன்றுதான். இரண்டு மழைக்காலம் காத்திருந்த மீன் ஒரு புதியவனிடம் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை. என்னைக் காப்பாற்றுவதுபோல வந்து என் மீனை அவிழ்த்துவிட்டார். யாருடைய கயிற்றையும் தொடாதவர் என் கயிற்றை மட்டும் ஏன் தொட வேண்டும்?

"நுனியப் பாருங்க," என்றார்.

நான் பார்க்கவில்லை. உருளையைக் கடகடவென்று சுற்றிக்கொண்டு கரை ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து கோலைத் துடைத்தபோது நரம்பின் நுனி என் கட்டைவிரலுக்குக் கீழே சுருண்டுகிடந்தது. பூசணிக்கொடியின் பற்றுச்சுருள்போல. கண்ணால் பார்க்கவில்லை என்று நான் சத்தியம் செய்யலாம். விரலுக்குத் தெரிந்தது. கத்தரிக்கோலை எடுத்து அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி, சன்னலுக்கு வெளியே போட்டேன்.

அடுத்த ஞாயிறு எல்லாரிடமும் சொன்னேன். நிதானமாக, படித்தவன் பேசுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். கோ பியூ அப்போது ஊரில் இல்லை. மரம் கொண்டுவர ஆற்றின் மேலே போயிருந்தார். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"கத்தி கையில இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அவன் நரம்பைத் தொட்டியா?"

"தொட்டேன்."

"அப்புறம் என்னப்பா சொல்றது?"

"கிராணி, அந்த நுனியக் காட்டுங்க," என்றார் அவர் என்னிடம்.

கோலை நீட்டினேன். கத்தரிக்கோல் பட்ட நுனி, கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தன் கயிறு அறுந்ததும் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"பலகை இனிமே உன்கிட்ட இருக்கக் கூடாது," என்றார் பாய். அதைச் சொல்ல அவருக்கே சங்கடமாக இருந்தது. "மனசுல வெச்சுக்காதே."

அவர் பலகையைக் கட்டையின்மேல் வைத்துவிட்டு, தெப்பத்தின் கடைசியில் போய்த் தனியாக உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. துறைமுகத்துக்கும் சேதி போயிற்று. சரக்கு குறைந்தால், மூட்டை காணாமல் போனால், கேலிக்கு அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கத்திக்காரன் என்று ஒரு பட்டப்பெயரும் வந்தது. நம்பிக்கைத் துரோகம் என்றால் என்ன என்று கேட்டால் அந்த நாட்களில் நான் ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். எனக்குத் துரோகம் செய்யப்பட்டுவிட்டது என்ற அந்த எண்ணம், சொன்னால் வெட்கம், ஓர் ஆறுதலாகவே இருந்தது. மீன் போன வலியை அது மூடிவிட்டது. நான் சரியாக முடிச்சுப் போடத் தெரியாதவன் என்பதையும்.

ஒரு மாதம் கழித்துக் கோ பியூ என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் வாழை இலைப் பொட்டலம். உடைந்த தமிழில், பர்மிய மரியாதைப்படி என்னையும் 'கோ' சேர்த்து அழைத்து, சத்தமாகச் சொன்னார்:

"கோ கிராணி! உங்க மீன்! நேத்து நம்ம கயித்துல வந்துச்சு. உடம்பு நாங்க சாப்பிட்டாச்சு. தலை உங்களுக்கு."

பொட்டலத்தைப் பிரித்தேன். பெரிய தலைதான். தெப்பத்தில் நான் கை விரித்துக் காட்டிய அளவைவிட ஒரு சாண் குறைவாக இருந்திருக்கும். வாயோரத்தில் முள் இருந்தது. தண்டில் நான்கு கீறல். நரம்பைக் கோத்துக் கட்டும் முள்ளின் காதில் ஒன்றுமே இல்லை. ஒரு சிம்பு நரம்பு இல்லை, முடிச்சின் அடையாளம் இல்லை. கத்தியால் அறுத்திருந்தால் ஒரு முழம் நரம்பாவது முள்ளோடு போயிருக்கும். மீன் கடித்திருந்தாலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வெறுங்காது ஒன்றைத்தான் சொல்லும். அந்தத் தெப்பத்தில் உட்கார்ந்த யாருக்கும் அதைப் படிக்கத் தெரியும்.

நன்றி சொல்லிக் கோ பியூவை அவசரமாக அனுப்பிவைத்தேன். அவர் மறுநாளே மறுபடி ஆற்றின் மேலே போய்விட்டார். தலையைச் சமையல்காரனிடம் கொடுத்தேன். முள்ளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பின் மூன்று ஞாயிறுகள் அவர் தெப்பத்துக்கு வந்தார். அதற்கு முந்தைய வாரங்களில் கடைசிக் கட்டைக்குப் போய்விடுவார். இந்த மூன்று ஞாயிறும் எங்களுக்குப் பக்கத்தில், பேச்சுக் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்தார். தூண்டில் போட்டாரா என்றுகூட நினைவில்லை. நான் ஒவ்வொரு முறையும் முள்ளைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். சொல்லலாம் என்று நினைத்துத்தான் போனேன். பாய் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். தண்ணீர் வற்றத் தொடங்கிவிடும். எழுந்து வந்துவிடுவேன்.

நான்காவது ஞாயிறு அவர் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், சிரியத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கோடையில் கோ பியூ திரும்பி வந்தபோது அவரைப் பற்றி விசாரித்தார். நடந்ததைப் பாய் சொல்லக் கேட்டிருக்கிறார். என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"முள்ளு உங்ககிட்ட குடுத்தேனே?"

"ஆமாம்."

"நான் முதல்ல அவர்கிட்டதான் கொண்டுபோனேன். பலகை அவர்கிட்ட இல்லைன்னு எனக்குத் தெரியாதே. அவர் குடிசையில போயி இலையைப் பிரிச்சுக் காட்டினேன்."

"பார்த்தாரா?"

"குனிஞ்சு பார்த்தார். ரொம்ப நேரம். நான் கையில எடுத்துக்கோங்கன்னேன். எடுக்கலை. நாலு கீறல், கிராணியோடது, அவர்கிட்டயே குடுத்துருன்னு சொன்னார்." கோ பியூ வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் கோ கிராணி? அவர் அதை எடுத்துட்டுப் பாய்கிட்ட போயிருக்கலாமே?"



அந்த வாரமே படகேறிச் சிரியம் போனேன். படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய மரப்பாலத்தின்மேல் தனியாகக் கயிறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க கிராணி. நல்லாயிருக்கீங்களா?"

பையிலிருந்து முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"அண்ணே, இதை நீங்க வெச்சுக்கோங்க. இல்லேன்னா எங்கூட வாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது உங்களோடது."

"அண்ணே..."

"மூணு ஞாயித்துக்கிழமை உக்காந்திருந்தேன் கிராணி," என்றார். சத்தம் உயரவில்லை. "நீங்களாச் சொல்லுவீங்கன்னு. படிச்சவரு, கோயிலுக்குப் போறவருன்னு." ஆற்றைப் பார்த்தார். "நான் அந்த நரம்பைத் தொட்டிருக்கக் கூடாது. என் தப்பு அதுதான். ஆனா உங்க காலு கட்டைக்கு நடுவுல இருந்துச்சு."

அப்புறம் உட்கார்ந்து தன் கயிற்றை எடுத்துக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் ஏறியது. திரும்பிப் பார்க்க மாட்டார் என்று தெரிந்ததும் துறைக்கு நடந்தேன். அதற்குப்பின் அவரைப் பார்க்கவில்லை.

எனக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. முள் என்னிடம்தான் இருக்கிறது. துருவில் கீறல்கள் மறைந்துவிட்டன. காது மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பிறகு எத்தனையோ மீன் பிடித்தேன், எத்தனையோ தப்பவிட்டேன். ஒவ்வொரு முறையும் நுனியைப் பார்த்தேன். யாரும் அதை மெச்ச வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய அன்று பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. சிரியத்திலிருந்து வந்த அடுத்த ஞாயிறு தெப்பத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். பாய் எனக்கு இடம் ஒதுக்கி உட்கார வைத்தார். ஒரு பீடாவை மடித்து நீட்டினார். முள்ளுப் பலகை அவர் மடியில் இருந்தது.

"சிரியம் பக்கம் போனியாமே தம்பி? அந்தக் கத்திக்காரனைப் பார்த்தியா?"

"இல்லை பாய்," என்றேன்.